தண்டவாளத்தில் ‘டிரிஃப்ட்’ அடிக்க முடியுமா?

கோடை விடுமுறைக்கு லாஸ் ஏஞ்சலீஸ் பக்கம் மகன், மகள் வீட்டுக்குப் போகிறவர்கள் டிக்கெட் போடும் நேரம் இது. யுனிவர்சல் ஸ்டுடியோஸ் ஹாலிவுட் பூங்காவில் 2026-இல் திறப்பதாக அறிவிக்கப்பட்ட ‘ஃபாஸ்ட் & ஃபியூரியஸ்: ஹாலிவுட் டிரிஃப்ட்’ ரோலர் கோஸ்டர் பற்றிக் கேட்டு இரண்டு வாரமாகக் கடிதங்கள் வந்தபடி இருக்கின்றன. கார் தண்டவாளத்தை விட்டு இறங்கித் தார்ச்சாலையில் ஓடுமா என்று ஒருவர் கேட்கிறார். “போன தடவையே அதில் ஏறினோமே, திரையில் படம்தான் காட்டினார்கள்” என்கிறார் இன்னொருவர். இதற்காகவே பயணத் தேதியைத் தள்ளிப்போடலாமா என்பது பலருடைய கேள்வி.

திரையில் படம் பார்த்தவர் ஏறியது வேறொன்று. அதன் பெயர் ‘ஃபாஸ்ட் & ஃபியூரியஸ்: சூப்பர்சார்ஜ்ட்’. ஸ்டுடியோவைச் சுற்றிக் காட்டும் டிராம் வண்டியைக் கடைசியில் ஒரு கொட்டகைக்குள் நிறுத்தி, இரண்டு பக்கமும் திரையில் கார்களை ஓடவிட்டு, வண்டியை ஆட்டுவார்கள். 2015-இல் வந்தது, 2025 மார்ச்சில் மூடப்பட்டது. ஆர்லாண்டோ பூங்காவிலும் இதே பெயரில் 2018-இல் ஒன்றைத் திறந்தார்கள். ரசிகர்கள் அதை வெளிப்படையாகவே திட்டினார்கள். என் சந்தேகம் தொடங்குவது இங்கேதான். நிஜக் காரை நிஜச் சாலையில் விரட்டிப் பெயர் வாங்கிய படவரிசை இது. அந்தப் பெயரை வைத்துக்கொண்டு நின்ற இடத்தில் வண்டியை ஆட்டிய நிறுவனம், இப்போது ‘உண்மையான டிரிஃப்ட் அனுபவம்’ என்று வந்தால், அந்தச் சொல்லைக் கொஞ்சம் உரசிப் பார்ப்பது நம் கடமை.

நிறுவனம் சொல்லும் கணக்கு இது: உச்ச வேகம் மணிக்கு 72 மைல், அதாவது சுமார் 116 கிலோமீட்டர். தண்டவாளத்தின் நீளம் 4,100 அடி, ஒன்றேகால் கிலோமீட்டர். நான்கு கார்கள் கோத்த ரயில். ஒவ்வொரு காரும் 360 பாகை சுழலும். ‘இந்தப் பூங்காவின் முதல் அதிவேக வெளிப்புற ரோலர் கோஸ்டர்’ என்ற அடைமொழியும் உண்டு. அதில் ‘இந்தப் பூங்காவின்’ என்பதையும் ‘வெளிப்புற’ என்பதையும் கவனித்துப் படியுங்கள். 2004 முதல் அங்கே ஓடும் ‘ரிவெஞ்ச் ஆஃப் தி மம்மி’ கட்டடத்துக்குள் இருக்கிறது, அதனால் அது கணக்கில் வராது. பூங்காவின் வேலியைத் தாண்டினாலோ, அதே லாஸ் ஏஞ்சலீஸ் மாவட்டத்து வெலென்சியாவில், சிக்ஸ் ஃபிளாக்ஸ் மேஜிக் மவுண்டனின் ‘கோலியாத்’ 2000-ஆம் ஆண்டிலிருந்தே மணிக்கு 85 மைலில் ஓடுகிறது. எனவே வேகத்துக்காக யாரும் விமானம் ஏற வேண்டியதில்லை. பார்க்க வேண்டியது அந்தச் சுழற்சியை.

சாலையில் டிரிஃப்ட் என்றால் பின்சக்கரம் பிடி விட்டு வழுக்கும். கார் ஒரு பக்கம் போகும், அதன் மூக்கு வேறு பக்கம் பார்க்கும். மூக்கு வளைவின் உட்புறத்தை நோக்கித் திரும்பியிருக்கும். ஓட்டுபவர் ஸ்டீயரிங்கை எதிர்ப்பக்கம் ஒடித்து அதைப் பிடித்து வைத்திருப்பார். ரோலர் கோஸ்டரில் எந்தச் சக்கரமும் வழுக்காது, வழுக்கவும் கூடாது. மேலே, பக்கத்தில், அடியில் என்று மூன்று வகைச் சக்கரங்கள் தண்டவாளத்தைக் கவ்விப் பிடித்திருக்கும். ‘டிரிஃப்ட்’ என்பது அந்த அடிச்சட்டத்தின் மேல் உட்கார்ந்திருக்கும் காரின் உடலை மட்டும் திருப்புவது. அடிச்சட்டம் நேராகப் போகும், நீங்கள் பக்கம் பார்த்துப் போவீர்கள். அவ்வளவுதான் என்றால் ஏமாற்று மாதிரித் தெரியும். ஆனால் இதில் ஒரு நல்ல சூட்சுமம் ஒளிந்திருக்கிறது.

அதை நான் புரிந்துகொண்டது கொல்லிமலைப் பேருந்தில். காரவள்ளியிலிருந்து மேலே போக 70 கொண்டை ஊசி வளைவுகள். வழக்கமான இருக்கையில் முன்னால் பார்த்து உட்கார்ந்தால், ஒவ்வொரு திருப்பத்திலும் பக்கத்தில் இருப்பவரின் தோளில் போய் இடிப்போம். அதே பேருந்தில் பக்கவாட்டாகப் போட்ட நீள இருக்கையில் உட்கார்ந்து பாருங்கள். வளைவின் உட்பக்கம் பார்த்து உட்கார்ந்தவரின் முதுகு சாய்மானத்தில் அழுந்தும், வேறு ஒன்றும் ஆகாது. வெளிப்பக்கம் பார்த்து உட்கார்ந்தவர் முன்னால் விழப் போய்க் கம்பியைப் பிடிப்பார். நான் போன நாளில் முறுக்குக் கூடையை மடியில் வைத்திருந்த ஒரு அம்மா, அடுத்த வளைவு எந்தப் பக்கம் என்று சன்னல் வழியே பார்த்து, அதற்குத் தக்கபடி கூடையை மாற்றி மாற்றி அணைத்துக்கொண்டே வந்தார். வளைவு ஒன்று, வேகம் ஒன்று. முகம் பார்க்கும் திசையைப் பொறுத்து உடம்புக்குக் கிடைக்கும் தள்ளு மட்டும் மாறுகிறது.

டிரிஃப்ட் அடிக்கும் காரின் மூக்கு உட்பக்கம் பார்க்கும் என்று மேலே சொன்னேன் அல்லவா? அப்படித் திரும்பிய காரில் இருப்பவரைப் பக்கவாட்டுத் தள்ளு முதுகுச் சாய்மானத்தை நோக்கி அழுத்தும். இதே வளைவை முன்னால் பார்த்தபடி கடந்தால் கழுத்து ஒடியும். உள்ளே திரும்பிக் கடந்தால் வளைவு நம்மை இருக்கையோடு சேர்த்துக் கட்டும். படத்தில் அழகுக்காக வந்த கோணம் உடம்புக்கும் சுகமான கோணமாக அமைந்திருக்கிறது. இதைக் கண்டுபிடித்துப் பயன்படுத்துகிறவர் யாராக இருந்தாலும் அவரை நான் மனமாரப் பாராட்டுவேன்.

சிக்கல் வேறு இடத்தில் இருக்கிறது. ரோலர் கோஸ்டர் வடிவமைப்பாளர்கள் வளைவுகளில் தண்டவாளத்தை உள்பக்கமாகச் சாய்த்துத்தான் போடுவார்கள். சாய்வும் வேகமும் சரியாகப் பொருந்திவிட்டால் தள்ளு முழுவதும் இருக்கைக்குக் கீழ்நோக்கியே விழும். பிறகு காரை எந்தப் பக்கம் திருப்பினாலும் உடம்புக்கு ஒரு வித்தியாசமும் தெரியாது. கண் மட்டும் வேறு காட்சியைப் பார்க்கும். ஆகவே ‘360 பாகை’ என்ற எண் நமக்கு ஒன்றையும் சொல்வதில்லை. சாய்க்காமல், தட்டையாக விட்ட வளைவுகள் எத்தனை, சரியாக அந்த இடங்களில்தான் கார் உள்ளே திரும்புகிறதா என்பதே கேள்வி. அப்படித் திரும்பினால் அதை டிரிஃப்ட் என்று அழைப்பதை நான் ஏற்பேன். மற்ற இடங்களில் சுழன்றால் அது ராட்டினம்.

சுழலும் இருக்கை புதிதும் அல்ல. ஆர்லாண்டோவில் டிஸ்னியின் எப்காட்டில் 2022 மே மாதம் திறந்த ‘கார்டியன்ஸ் ஆஃப் தி கேலக்ஸி: காஸ்மிக் ரீவைண்ட்’, காட்சிக்கு ஏற்ப முன்கூட்டியே எழுதி வைத்தபடி பெட்டிகளைத் திருப்புகிறது. அதற்கும் இருபது ஆண்டு முன்பே மேஜிக் மவுண்டனில் ‘எக்ஸ்’ வந்துவிட்டது. அதில் இருக்கைகள் தலைகுப்புறப் புரளும். சக்கரத்துக்கு இரண்டு தண்டவாளம், இருக்கையைப் புரட்ட மேலும் இரண்டு. 2002-இல் மக்களுக்குத் திறந்த பிறகு கோளாறுகளால் அடிக்கடி நின்றது. அதைச் செய்த ஆரோ நிறுவனம் அந்த நாட்களில் திவாலாகி எஸ் அண்ட் எஸ் நிறுவனத்தின் கைக்குப் போனது. 2008-இல் திருத்தியமைத்து ‘எக்ஸ்2’ என்று பெயர் மாற்றினார்கள்.

நகரும் உறுப்பு கூடக் கூட நிற்கும் காரணமும் கூடும். சுழலும் கார் நிலையத்துக்குள் நுழையும்போது நேராகத் திரும்பிப் பூட்டிக்கொள்ள வேண்டும். ஒன்று அடம்பிடித்தாலும் பின்னால் வரும் ரயில்கள் எல்லாம் காத்திருக்க வேண்டியதுதான். சுழற்சியே இல்லாதவற்றுக்கும் இந்தக் கதி நேர்ந்திருக்கிறது. சிங்கப்பூர் யுனிவர்சலின் ‘பேட்டில்ஸ்டார் கலாக்டிகா’ 2010 மார்ச்சில் திறந்த சில நாளில் மூடி, அடுத்த ஆண்டு பிப்ரவரியில்தான் திறந்தது. 2013 ஜூலையில் மறுபடி மூடி, 2015 மே வரை மூடியே இருந்தது. ஆர்லாண்டோவில் 2019 ஜூன் 13 அன்று திறந்த ஹாக்ரிட் மோட்டார்சைக்கிள் ரோலர் கோஸ்டருக்கு முதல் நாள் வரிசை பத்து மணி நேரம் வரை நீண்டது.

மீதிக் கேள்விகளுக்குச் சுருக்கமாக:

ஆர்லாண்டோவிலும் வருமா? வரும், ‘ரிப் ரைடு ராக்கிட்’ இருந்த இடத்தில், 2027 என்று அறிவித்திருக்கிறார்கள்.

சிங்கப்பூரில்? இல்லை.

தனி டிக்கெட்டா? பூங்காவின் நுழைவுச்சீட்டே போதும். வரிசையைத் தாண்ட எக்ஸ்பிரஸ் சீட்டுக்குத்தான் தனிப்பணம்.

கர்ப்பிணிகள், இதய நோயாளிகள், கழுத்து, முதுகு வலி உள்ளவர்கள்? ஏறவே வேண்டாம்.

பேருந்தில் வாந்தி எடுப்பவர்கள்? சுழற்சி அதைக் கூட்டும். கூட வந்தவர்களின் பையைப் பிடித்துக்கொண்டு கீழே நில்லுங்கள்.

இதற்காகப் பயணத்தைத் தள்ளிப்போடலாமா? வேண்டாம். திறந்த முதல் சில மாதங்களில் போய் நிற்பவர்கள் பணமும் கொடுத்து, சோதனை ஓட்டத்துக்கு ஆளாகவும் இருக்கிறார்கள். பேரப்பிள்ளைகளோடு போகும் ஒரே ஒரு நாளை அந்த வரிசைக்குக் கொடுத்துவிடாதீர்கள். போகும் நாளில் அது திறந்து, ஓடி, வரிசையும் குறைவாக இருந்தால் ஏறுங்கள். ஏறினால் தட்டையான வளைவு ஒன்றைக் கண்டுபிடித்து, அங்கே முதுகு அழுந்துகிறதா, தோள் இடிக்கிறதா என்று பார்த்து எனக்கு எழுதுங்கள்.