அயல்நாட்டுச் சட்டமும் நமது கொள்முதல் விலையும்



நம்மில் பெரும்பாலோர் நேரடியாக ஏற்றுமதி செய்பவர்கள் அல்லர். சரக்கை மொத்தமாக வாங்கி, ஏற்றுமதியாளருக்குக் கொடுப்பவர்கள். ஆகவே அயல்நாட்டு வரிச் சட்டம் நமக்கு எதற்கு என்று இருந்துவிடுகிறோம். நாமும் அப்படித்தான் இருந்தோம். 2019-ல், நம்மிடம் சரக்கெடுத்துப் பதப்படுத்திய உணவு அனுப்பிவந்த ஒருவர், "ஜி.எஸ்.பி. போய்விட்டது, விலையைக் குறையுங்கள்" என்றார். விவரம் தெரியாமலேயே குறைத்தோம். பிறகு விசாரித்து அறிந்ததை உறுப்பினர்களுக்குச் சொல்வது கடமை என்று எழுதுகிறோம்.

ஜி.எஸ்.பி. என்பது வளரும் நாடுகளின் சரக்குக்குப் பணக்கார நாடுகள் இறக்குமதி வரியை நீக்கியோ குறைத்தோ தரும் சலுகை. 1968-ல் புதுடில்லியில் கூடிய ஐக்கிய நாடுகள் வர்த்தக மாநாட்டில் இதற்கு ஒப்புதல் கிடைத்தது. ஐரோப்பியப் பொதுச் சந்தை 1971-லும், அமெரிக்கா 1976-லும் தொடங்கின. ஐரோப்பாவில் நம் இறாலுக்கு 12 சதவீதத்துக்குப் பதில் 4.2 சதவீத வரி என்று அமைந்தது இதனால்தான்.

இதில் கவனிக்கவேண்டியது, இது ஒப்பந்தம் அல்ல. கொடுப்பவர் தம் சட்டசபையில் இயற்றும் சட்டம். அதற்குக் கெடு உண்டு. கெடு முடிந்தால் மீண்டும் பேச்சுவார்த்தை, மீண்டும் ஓட்டெடுப்பு.

அமெரிக்கச் சட்டம் 2020 டிசம்பர் 31-ல் காலாவதியானது. 2021-ல் செனட் சபை புதுப்பிப்பை ஒரு பெரிய மசோதாவுடன் சேர்த்து நிறைவேற்றியது. 2022-ல் பிரதிநிதிகள் சபை, தொழிலாளர் நலம், சுற்றுச்சூழல் நிபந்தனைகளைக் கூட்டி வேறொரு வடிவம் நிறைவேற்றியது. இரண்டும் ஒத்துவரவில்லை. இறுதியில் வந்த சட்டத்தில் ஜி.எஸ்.பி. இடம்பெறவே இல்லை. ஐந்து ஆண்டுகள் கழிந்தும் அது புதுப்பிக்கப்படவில்லை. ஐரோப்பாவிலும் 2021-ல் முன்வைத்த புதிய சட்டம், குடியேறிகளைத் திருப்பி அனுப்புவது, அரிசி இறக்குமதி ஆகிய விஷயங்களில் இழுபட்டது. பழைய சட்டத்தையே 2027 முடிவுவரை நீட்டித்தார்கள்.

நம் நாட்டுக்கு அமெரிக்கச் சலுகை அதற்கு முன்பே, 2019 ஜூன் 5-ல் நீக்கப்பட்டது. அந்நாட்டுப் பால் பொருள் உற்பத்தியாளரும் மருத்துவக் கருவி உற்பத்தியாளரும் இந்தியச் சந்தையில் தங்களுக்கு இடமில்லை என்று மனுச் செய்ததே தொடக்கம். ஆக, பால் விவகாரத்துக்கு, சம்பந்தமே இல்லாத சரக்குக்காரர் வரி கட்டினார். கடலுக்கு அப்பால் இலங்கையும், மனித உரிமைப் பிரச்சினையில் ஐரோப்பாவின் ஜி.எஸ்.பி. பிளஸ் சலுகையை 2010-ல் இழந்து, 2017-ல்தான் திரும்பப் பெற்றது.

நஷ்டம் எவ்வளவு? 560 கோடி டாலர் சரக்குக்குச் சுமார் 19 கோடி டாலர் வரிச் சலுகைதான் என்று நம் அரசு 2019-ல் சொன்னது. நாட்டுக் கணக்கில் இது சிறிது. கடைக் கணக்கில் அப்படி அல்ல. ஓர் உதாரணம்: 20,000 டாலர் சரக்குக்கு 5 சதவீதம் வரி என்றால் 1,000 டாலர். இதைச் சுங்கத்தில் கட்டுபவர் அமெரிக்க இறக்குமதியாளர். அவர் பாதியை நம் ஏற்றுமதியாளர் தலையில் வைப்பார். அவர் அதைக் கொள்முதல் விலையில் கழிப்பார். மொத்த வியாபாரத்தில் நூற்றுக்கு இரண்டு நிற்பதே அரிது என்பது உங்களுக்குத் தெரியாததல்ல.

இன்னொன்றும் உண்டு. சலுகை 2013 ஜூலையில் நின்று 2015-ல் புதுப்பிக்கப்பட்டபோது, இடைப்பட்ட காலத்தில் கட்டிய வரியை அமெரிக்க அரசு திருப்பிக் கொடுத்தது. யாருக்கு? வரி கட்டிய இறக்குமதியாளருக்கு. விலையைக் குறைத்துக் கொடுத்தவர் எழுத்தில் எதுவும் வாங்கியிருக்காவிட்டால், அவர் கேட்க வழியில்லை.

ஆகவே உறுப்பினர்கள் மூன்று விஷயங்களைக் கடைப்பிடிப்பது நல்லது. ஒன்று, ஏற்றுமதிச் சரக்குக்கு ஆர்டர் எடுக்கும்போது, விலை வரிச்சலுகையை வைத்துப் போட்டதா, அதன் கெடு என்றைக்கு என்று கேளுங்கள். இரண்டு, சலுகை நின்றால் யார் எவ்வளவு தாங்குவது, வரி திரும்பி வந்தால் நமக்கு எவ்வளவு என்பதை ஆர்டரிலேயே எழுதி வாங்குங்கள். மூன்று, கொள்முதல் ரசீதுகளைப் பத்திரப்படுத்துங்கள். சரக்கு இந்த நாட்டில் விளைந்தது, இங்கேயே தயாரானது என்று காட்டினால்தான் சலுகை கிடைக்கும். அதற்கு ஆதாரம் நம் ரசீதே.

நம் ஊருக்கு இது புதிதல்ல. பாரில் சிப்பி விளைந்திருப்பதைப் பார்த்த பிறகே அரசு முத்துச் சலாபம் நடத்திவந்தது. 1961-க்குப் பின் இங்கே சலாபம் இல்லை. சலாபம் வந்தால் லாபம், வராவிட்டால் இருக்கவே இருக்கிறது அன்றாட வியாபாரம் என்று கணக்குப் போடுவதே வியாபாரிக்கு அழகு. வரிச்சலுகையையும் அப்படியே கணக்கில் வைப்போமாக.