காலி டிஸ்க்ல அப்கிரேட் விண்டோஸ் ஏறுமா?

நிறைய பேர் கேட்டிருந்த கேள்வி இது: "பழைய லேப்டாப்ல ஹார்ட் டிஸ்க் போச்சு, புது எஸ்எஸ்டி வாங்கியாச்சு. ஆனா என்கிட்ட இருந்தது அப்கிரேட் விண்டோஸ். காலி டிஸ்க்ல அது ஏறுமா, இல்ல மறுபடியும் காசு கொடுத்து வாங்கணுமா?"

எங்க ஊர் பள்ளத்தூர்லயும் இதே கதைதான். என் சித்தப்பா மகன்கிட்ட அரசு கொடுத்த இலவச லேப்டாப் இருக்கு. 2011-ல தமிழக அரசு தொடங்கின திட்டம். அப்போ விண்டோஸ், சி-டாக் உருவாக்கின பாஸ் லினக்ஸ் ரெண்டையும் போட்டுக் கொடுத்தாங்க. அந்த விண்டோஸ் 7-ஐ அவன் 2016-ல இலவசமா 10-க்கு மாத்திக்கிட்டான். இப்போ அந்த லேப்டாப்லதான் அவன் மனைவி தையல் கடைக் கணக்கு எழுதுறாங்க. டிஸ்க் போனதும் ஒரு கடையில, "புது கீ வாங்குங்க, இல்லைன்னா ஆக்டிவேட்டர் போட்டுத் தர்றேன்"னு சொல்லியிருக்காங்க. ரெண்டுமே தேவையில்லை. ஏன்னு பார்ப்போம்.

அப்கிரேட் எடிஷன்ங்கிறது எக்ஸ்சேஞ்ச் ஆஃபர் மாதிரி. பழைய மிக்ஸியைக் காட்டினாதான் புதுசுக்கு விலை குறைப்பாங்க. காலி டிஸ்க்குன்னா வெறுங்கையோட கடைக்குப் போற மாதிரி. அப்போ பழைய மிக்ஸி இருந்ததுக்கு என்ன அத்தாட்சி?

இந்த அத்தாட்சி கேட்கிற விதம் காலத்துக்குக் காலம் மாறியிருக்கு. எக்ஸ்பி அப்கிரேட் சிடி, காலி டிஸ்க்கைப் பார்த்தா, "பழைய விண்டோஸ் சிடியைப் போடு"ன்னு கேட்கும். 98 சிடியைக் காட்டினா போதும், வேலை நடக்கும். 2007-ல விஸ்டா வந்தப்போ இந்த வசதியை எடுத்துட்டாங்க. அதனால ஜனங்க கீ கொடுக்காம ஒரு தடவை இன்ஸ்டால் பண்ணி, அதுக்குள்ள இருந்தே ரெண்டாவது தடவை அப்கிரேட் பண்ணாங்க. 2009-ல வந்த விண்டோஸ் 7-ல, ரெஜிஸ்ட்ரியில மீடியாபூட்இன்ஸ்டால்னு ஒரு மதிப்பு உண்டு. அதை 1-ல இருந்து 0 ஆக்குறதுதான் அந்த வழியில முக்கியமான படி. ஒண்ணை மட்டும் மறக்காதீங்க: வழி திறந்திருக்கு என்பதால உரிமை வந்துடாது. பழைய லைசென்ஸ் நிஜமாவே கையில இருக்கணும்.

2015 ஜூலையில விண்டோஸ் 10 வந்தப்போ கணக்கே மாறிப்போச்சு. அப்கிரேட் ஆன மெஷினோட வன்பொருள் அடையாளம், முக்கியமா மதர்போர்டு, மைக்ரோசாஃப்ட் சர்வர்ல பதிவாகிடும். இதுதான் டிஜிட்டல் லைசென்ஸ். அதாவது பத்திரம் டிஸ்க்ல இல்லை. டிஸ்க்கை மாத்தினாலும் லைசென்ஸ் போகாது, மதர்போர்டை மாத்தினா சிக்கல் வரலாம்.

அதனால தம்பிக்கு நாங்க செஞ்சது இவ்வளவுதான்: வேற கம்ப்யூட்டர்ல மைக்ரோசாஃப்ட் தளத்துல இருந்து பென் டிரைவ் தயார் பண்ணோம். கீ கேட்ட இடத்துல "என்னிடம் கீ இல்லை"ன்னு தேர்ந்தெடுத்தோம். முன்னாடி இருந்த அதே ஹோம் எடிஷனைப் போட்டு, இன்டர்நெட் கொடுத்தோம். தானா ஆக்டிவேட் ஆச்சு. செலவு எஸ்எஸ்டிக்கு மட்டும்தான்.

ஆனா, 10-க்கு மாறாம இன்னும் 7-லயே இருக்கிறவங்களுக்கு இந்தக் கதவு இப்போ இல்லை. 2023 செப்டம்பர்ல அந்த இலவச வழியை மூடிட்டாங்க. விண்டோஸ் 10-க்கும் 2025 அக்டோபர் 14-ஓட வழக்கமான ஆதரவு முடிஞ்சது. 11-க்கு டிபிஎம் 2.0 சிப் வேணும், அந்தக் காலத்து லேப்டாப்ல அது கிடையாது. அதனால, "கணக்கு எழுத மட்டும் விண்டோஸ், பேங்க் வேலைக்கு லினக்ஸ் மின்ட்"னு ரெண்டையும் ஒரே டிஸ்க்ல போட்டுக் கொடுத்தோம்.

ஆக்டிவேட்டர் பக்கம் மட்டும் போகாதீங்க. அதுல பலது முதல்ல ஆன்டிவைரஸை நிறுத்தச் சொல்லும். வீட்டுப் பூட்டைக் கழட்டி வெச்சுட்டுத்தான் உள்ளே வருவேன்னு ஒருத்தர் சொன்னா, விடுவீங்களா?

உங்க லேப்டாப்போட டிஸ்க் இன்னும் உயிரோட இருந்தா, இன்னைக்கே செட்டிங்ஸ்ல ஆக்டிவேஷன் பக்கத்தைத் திறங்க. "டிஜிட்டல் லைசென்ஸ்"னு இருக்கா பாருங்க, எந்த எடிஷன்னும் குறிச்சு வைங்க. அடுத்த எபிசோட்ல சந்திப்போம்.