கையெழுத்துக்கு முன்னால் ஞாபகத்தை அளந்தார்களா?

மூளையில் அறுவை சிகிச்சை என்றதும் வீட்டார் கேட்கும் முதல் கேள்வி, ‘உயிருக்கு ஒன்றும் ஆகாதே?’ அடுத்தது, ‘கை கால் இழுத்துக்கொள்ளுமா?’ மூன்றாவது, செலவு. வலிப்புக்காக டெம்போரல் மடலில் செய்யும் அறுவையில் முதல் இரண்டும் அரிதாகவே நடக்கின்றன. தேர்ந்த மையங்களில் உயிரிழப்பு நூற்றுக்கு ஒன்றுக்கும் கீழே. அவற்றைவிட அடிக்கடி நடப்பது ஒன்று உண்டு. அதை யாரும் கேட்பதில்லை: ஞாபகசக்தி எவ்வளவு குறையும்?

காதுக்கு மேலே, மண்டைக்குள் இரு பக்கமும் இருப்பது டெம்போரல் மடல். அதன் உள்ளோரத்தில் சுருண்டு கிடக்கும் ஹிப்போகாம்பஸ்தான் இன்று கேட்டதை, பார்த்ததை நாளைக்கும் இருக்கும்படி பதிய வைக்கிறது. பெரியவர்களிடம் மருந்துக்கு அடங்காமல் நிற்கும் வலிப்புகளில் பெரும்பங்கு கிளம்புவதும் இதே இடத்தில்தான். சிறுவயதில் காய்ச்சலோடு நீண்ட நேரம் வலிப்பு வந்தவர்களில் சிலருக்கு ஹிப்போகாம்பஸ் சுருங்கித் தழும்பாகி, பல ஆண்டுகள் கழித்து வேலையைக் காட்டும்.

இந்த வலிப்பில் எல்லோரும் கீழே விழுந்து கை கால் உதறுவதில்லை. வயிற்றிலிருந்து ஏதோ நெஞ்சுக்கு ஏறுவது போல இருக்கும். ‘இது ஏற்கெனவே நடந்ததாயிற்றே’ என்று தோன்றும். பிறகு ஒன்றிரண்டு நிமிடம் வெறித்த பார்வை, வாயை மெல்லுதல், சட்டைப் பொத்தானைத் தடவிக்கொண்டிருத்தல். தெளிந்ததும் நடந்தது எதுவும் தெரியாது. பேய், காற்று, கருப்பு என்று மந்திரிக்கப் போய் ஆண்டுகள் வீணாவது இங்கேதான்.

மருத்துவரிடம் வந்த பிறகும் ஆண்டுகள் வீணாகின்றன என்பதுதான் இன்னும் வருத்தம். கிளாஸ்கோவில் குவானும் பிராடியும் 2000-ல் வெளியிட்ட ஆய்வில், அதற்கு முன் மருந்தே எடுக்காதவர்களில் 47 சதவீதத்தினருக்கு முதல் மருந்திலேயே வலிப்பு நின்றது. இரண்டாவது மருந்தில் மேலும் 13 சதவீதத்தினருக்கு. மூன்றாவது மருந்தைத் தனியாகக் கொடுத்து நின்றவர்கள் வெறும் 1 சதவீதம். இதையொட்டித்தான் சர்வதேச வலிப்பு எதிர்ப்பு லீக் 2010-ல் வரையறை வகுத்தது: பொருத்தமான இரண்டு மருந்துகளைச் சரியான அளவில் கொடுத்தும் வலிப்பு நிற்கவில்லை என்றால் அது மருந்துக்கு அடங்காத வலிப்பு. நான்காவது, ஐந்தாவது மாத்திரை என்று சீட்டு நீண்டுகொண்டே போனால், ‘வலிப்பு அறுவை மையத்துக்கு அனுப்புகிறீர்களா?’ என்று கேட்பது நோயாளியின் உரிமை. அப்படிக் கேட்டதற்காக எந்த மருத்துவரும் கோபித்துக்கொள்ளக் கூடாது.

அறுவை பலன் தருமா என்பதில் இன்று பெரிய சந்தேகம் இல்லை. கனடாவின் லண்டன் நகரில் டெம்போரல் மடல் வலிப்புள்ள 80 பேரைக் குலுக்கல் முறையில் இரண்டாகப் பிரித்து நடந்த சோதனையின் முடிவு 2001-ல் வந்தது. ஓராண்டு முடிவில் சுயநினைவைக் குலைக்கும் வலிப்பு இல்லாமல் இருந்தவர்கள், அறுவைப் பிரிவில் 58 சதவீதம், மருந்துப் பிரிவில் 8 சதவீதம். நம் நாட்டுக்கும் இது புதிதல்ல. மாண்ட்ரியலில் மூளை அறுவை மருத்துவர் வைல்டர் பென்ஃபீல்டிடம் பயிற்சி பெற்ற ஜேக்கப் சாண்டி 1949-ல் வேலூர் சி.எம்.சி.யில் நாட்டின் முதல் நரம்பியல் அறுவைத் துறையைத் தொடங்கினார். மூன்றே ஆண்டில் அங்கே வலிப்புக்கு அறுவை நடந்தது. திருவனந்தபுரம் ஸ்ரீ சித்திரை திருநாள் நிலையத்தில் 1995-லிருந்து அது முறையாக நடந்துவருகிறது.

இனி விலை என்ன என்று பார்ப்போம்.

1953-ல் அமெரிக்காவின் ஹார்ட்ஃபோர்டில் வில்லியம் ஸ்கோவில் என்ற மருத்துவர், ஹென்றி மொலைசன் என்ற 27 வயது இளைஞருக்கு இரு பக்க டெம்போரல் மடல்களின் உட்பகுதியையும் எடுத்துவிட்டார். வலிப்பு வெகுவாகக் குறைந்தது. ஆனால் அதன் பிறகு 2008-ல் இறக்கும் வரை, புதிதாகச் சந்தித்த எவரையும், அன்று நடந்த எதையும் அவரால் மனத்தில் இருத்த முடியவில்லை. அவரைப் பல ஆண்டுகள் ஆராய்ந்த பிரெண்டா மில்னர், ஸ்கோவிலுடன் சேர்ந்து 1957-ல் எழுதிய கட்டுரை உலகெங்கும் அறுவை முறையையே மாற்றியது. இருபுறமும் எடுப்பது அத்தோடு நின்றது. ஆகவே மொலைசன் கதையை இணையத்தில் படித்துவிட்டு, ‘அப்படி ஆகிவிடும்’ என்று பயந்து நல்ல சிகிச்சையைத் தட்டிக்கழிக்க வேண்டாம். இன்று எடுப்பது ஒரு பக்கம் மட்டுமே.

ஒரு பக்கம் எடுத்தாலும் ஒன்றும் ஆகாது என்று சொல்லிவிடவும் முடியாது. பெரும்பாலானவர்களுக்குப் பேச்சு மூளையின் இடப்புறத்தில். அந்தப் பக்கத்து டெம்போரல் மடலைத் தொட்டால், சொல் சார்ந்த ஞாபகம் அடிபட வாய்ப்பு அதிகம்: கேட்ட செய்தி, படித்த பாடம், ஆள் பெயர். பல ஆய்வுகளைத் தொகுத்து 2011-ல் வந்த மதிப்பீட்டின்படி, இடப்புற அறுவைக்குப் பின் சொல் ஞாபகம் குறைந்தவர்கள் 44 சதவீதம். வலப்புறத்தில் 20 சதவீதம். பொருளின் பெயர் நாக்கு நுனியில் நின்று வர மறுக்கும் குறை, இடப்புற அறுவையில் மூன்றில் ஒருவருக்கு. சிறு பங்கினருக்கு ஞாபகம் மேம்பட்டதும் உண்டு.

இந்த எண்கள் சராசரி. உங்கள் வீட்டுப் பிள்ளைக்கு என்ன ஆகும் என்பதை இவை சொல்லாது. சொல்லக்கூடியது வேறொன்று, அது கேட்பவருக்கு முதலில் விநோதமாகப் படும்: அறுவைக்கு முன் ஞாபகம் நன்றாக இருப்பவர்தான் அதிகம் இழக்கிறார். எடுக்கப்போகும் ஹிப்போகாம்பஸ் ஏற்கெனவே சுருங்கி, வேலை செய்யாமல் கிடந்தால், எடுப்பதால் போவது குறைவு. எம்.ஆர்.ஐ.யில் அது சாதாரணமாகத் தெரிந்து, ஞாபகச் சோதனையிலும் நல்ல மதிப்பெண் வந்தால், எடுப்பது வேலை செய்துகொண்டிருக்கும் உறுப்பு. ‘எனக்கு ஞாபகம் நன்றாகத்தானே இருக்கிறது, பயமில்லை’ என்று எண்ணுபவரே கூடுதலாக யோசிக்க வேண்டியவர். வயது கூடக் கூட இழப்பும் கூடுகிறது.

அறுவையே வேண்டாம் என்றிருந்தால் ஞாபகம் அப்படியே இருந்துவிடுமா? ஜெர்மனியின் பான் நகரில் அறுவை செய்துகொண்டவர்களையும் மருந்திலேயே இருந்தவர்களையும் பல ஆண்டுகள் தொடர்ந்து பார்த்து 2003-ல் வெளியான ஆய்வில், முன்னவரில் 60 சதவீதத்தினருக்கும் பின்னவரில் 50 சதவீதத்தினருக்கும் ஞாபகம் சரிந்திருந்தது. நிற்காத வலிப்பும் அரிக்கிறது. வலிப்பு நின்றவர்கள், ஞாபகம் கொஞ்சம் குறைந்தாலும் வாழ்க்கை மேல் என்றே பெரும்பாலும் சொல்கிறார்கள். வலிப்பும் நிற்காமல் ஞாபகமும் போனவர்கள்தான் நொந்துபோகிறார்கள். இந்த இரட்டை நஷ்டத்தைத் தவிர்ப்பதற்கே அறுவைக்கு முந்தைய சோதனைகள் எல்லாம்.

வலிப்புக்கென்றே எடுக்கும் எம்.ஆர்.ஐ., ஆஸ்பத்திரியில் தங்கவைத்து வலிப்பு வரும்போதே பதிவுசெய்யும் வீடியோ ஈ.ஈ.ஜி., தேவைப்பட்டால் பெட் ஸ்கேன். இவற்றைப் பற்றி எந்த மையமும் தானாகவே சொல்லிவிடும். பலர் சொல்லாமல் கடந்துபோவது நரம்பு உளவியல் சோதனையை. பதினைந்து சொற்களை ஐந்து முறை வாசித்துக் காட்டி, அரைமணி நேரம் கழித்து எத்தனை நினைவிருக்கிறது என்று கேட்பது போன்ற சோதனைகள் அதில் இருக்கும். பல மணி நேரம் ஆகும். இது நோயாளி புழங்கும் மொழியில் நடக்க வேண்டும். தமிழில் மட்டும் பேசும் ஒருவருக்கு ஆங்கிலச் சொற்பட்டியலைக் கொடுத்து எடுத்த மதிப்பெண், அவருடைய ஆங்கிலத்தைத்தான் அளக்கும். தமிழில் செய்ய ஆள் இல்லை என்றால், இருக்கும் இடத்துக்கு அனுப்பச் சொல்லுங்கள்.

பேச்சு எந்தப் பக்கம் என்பதில் ஐயம் இருந்தால் செயல்முறை எம்.ஆர்.ஐ. எடுப்பார்கள். சில இடங்களில் வாடா சோதனை உண்டு: மூளையின் ஒரு பாதியைச் சில நிமிடம் மருந்தால் உறங்கவைத்து, மறு பாதி தனியாகப் பேசுகிறதா, நினைவில் வைக்கிறதா என்று பார்ப்பது. மடலின் முன்பகுதி முழுவதையும் எடுக்காமல் ஹிப்போகாம்பஸை மட்டும் குறிவைக்கும் முறைகளும், லேசர் கொண்டு சுடும் முறையும் உள்ளன. லேசரில் பெயர் சொல்லும் திறன் குறைவாகவே பாதிக்கப்படுகிறது. வலிப்பு நிற்கும் வாய்ப்பும் திறந்த அறுவையைவிடச் சற்றுக் குறைவு. எது கிடைக்கிறது, எது பொருந்தும் என்று கேட்பதில் தவறில்லை. பார்வையின் மேல் மூலை ஒரு பக்கம் மறைவது, முதல் சில மாதங்களில் மனச்சோர்வு, அறுவைக்குப் பின்னும் நெடுநாள் மாத்திரை தொடர்வது, இவற்றையும் அதே மூச்சில் கேட்டுவிடுங்கள்.

சட்டம் என்ன சொல்கிறது? சமீரா கோலி வழக்கில் உச்ச நீதிமன்றம் 2008-ல் தெளிவாகச் சொன்னது: சிகிச்சையின் தன்மை, நோக்கம், பலன், மாற்று வழிகள், முக்கியமான அபாயங்கள், செய்யாமல் விட்டால் என்ன ஆகும் என்பனவற்றை விளக்கிய பிறகு பெறுவதே உண்மையான சம்மதம். எட்டாக் கையில் இருக்கும் அபாயத்தையெல்லாம் மருத்துவர் பட்டியலிட வேண்டியதில்லை. இடப்புற அறுவையில் ஐந்தில் இருவருக்கு நேரக்கூடியதை எட்டாக் கை என்று எவரும் சொல்ல முடியாது என்பது என் கருத்து. சம்மதப் படிவத்தில் ‘ஞாபகக் குறைவு’ என்று எழுதியிருக்கிறதா பாருங்கள். படிவம் ஆங்கிலத்தில் இருந்தால் தமிழில் படித்துக்காட்டச் சொல்லுங்கள். இரண்டாவது மருத்துவரின் கருத்தைக் கேட்பதும் உங்கள் உரிமையே. மருத்துவ கவுன்சிலின் 2002-ம் ஆண்டு விதிகளின்படி, கேட்ட 72 மணி நேரத்துக்குள் மருத்துவ ஆவணங்களின் நகலைத் தர வேண்டும்.

அறுவைக்குப் பின் ஞாபகம் குறைந்தது என்பதாலேயே மருத்துவர் தவறு செய்தார் என்று ஆகாது. அது தெரிந்த அபாயம். சொல்லவே இல்லை, அளக்கவே இல்லை என்பதுதான் புகாருக்கு இடம் தருவது. கட்டணம் வாங்கிய மருத்துவமனை என்றால் மாவட்ட நுகர்வோர் ஆணையத்தில் இரண்டு ஆண்டுக்குள் முறையிடலாம். மாநில மருத்துவ கவுன்சிலிலும் புகார் தரலாம். பெண்கள், பட்டியல் சாதியினர், பழங்குடியினர், மாற்றுத்திறனாளிகள், வருமானம் குறைந்தோர் ஆகியோருக்கு மாவட்டச் சட்டப் பணிகள் ஆணைக்குழுவில் இலவச உதவி உண்டு; எண் 15100. எங்கே போனாலும் முதலில் கேட்பது, முன்பு எப்படி இருந்தது என்பதற்கான அத்தாட்சி. அறுவைக்கு முந்தைய சோதனை அறிக்கை இல்லாவிட்டால் எவ்வளவு இழந்தோம் என்று காட்டுவது கடினம். சிகிச்சையும் திசை தெரியாமல் நிற்கும்.

கல்யாணத்துக்கு முன்னால் ‘முடித்துவிட வேண்டும்’ என்ற அவசரத்தில், பெண்ணிடம் ஒரு வார்த்தை கேட்காமல் தேதி குறிக்கும் குடும்பங்கள் நம் ஊரில் உண்டு. இந்து திருமணச் சட்டத்தில் வலிப்பு ஒரு தடையாக இருந்தது 1999-ல் நீக்கப்பட்டுவிட்டது. பதினெட்டு வயது நிறைந்து, தானே முடிவெடுக்கக்கூடிய பெண்ணின் தலைக்குள் கத்தி வைக்க அப்பா கையெழுத்துப் போதாது. சம்மதம் அவளுடையதாக இருக்க வேண்டும். அவள் ஆசிரியையா, படித்துக்கொண்டிருக்கிறாளா, எதை இழந்தால் எது நின்றுபோகும் என்பது அவளுக்குத்தான் தெரியும்.

அறுவை முடிந்து ஆறு மாதத்திலும் ஓராண்டிலும் அதே சோதனையைத் திரும்பச் செய்யச் சொல்லுங்கள். குறைந்திருந்தால், போன ஹிப்போகாம்பஸ் திரும்பாது; வல்லாரை லேகியமும் வல்லபம் காட்டாது. உதவுவது பழக்கம்: எழுதிவைக்கும் டைரி, செல்பேசியில் நினைவூட்டல், மாத்திரைக்கு நாள்வாரிப் பெட்டி, ஒரு நேரத்தில் ஒரு வேலை. நரம்பு உளவியலாளர் இதைப் பயிற்சியாகவே தருவார். மறதிக்குச் சில வலிப்பு மாத்திரைகளும் மனச்சோர்வும்கூடக் காரணமாகலாம், அவை சரிசெய்யக்கூடியவை. அவற்றைத் தேடிப் பார்க்காமல் ‘அறுவையால் ஆனது’ என்று விட்டுவிடாதீர்கள்.

உங்கள் வீட்டில் யாருக்காவது இந்த அறுவைக்குத் தேதி குறித்திருந்தால், கோப்பைத் திறந்து நரம்பு உளவியல் சோதனை அறிக்கை இருக்கிறதா என்று இன்றே பாருங்கள். இல்லையென்றால் தேதியைத் தள்ளிவையுங்கள். திட்டமிட்டுச் செய்யும் இந்த அறுவைக்கு ஓரிரு வாரம் பொறுப்பதில் பொதுவாகச் சிக்கல் இல்லை. மாத்திரையை மட்டும் ஒரு வேளைகூட விடாதீர்கள்.