சிறு பட்டறைக்கு ஓர் இரும்பறுக்கும் வாள்

ஓரங்குலத் தடிப்புள்ள இரும்புக் கம்பியைக் கைவாளால் அறுத்துப் பார்த்தவர்கள் அவ்வேலையின் இயல்பை நன்கு அறிவார்கள். முதலாவது கம்பி உற்சாகத்தோடு அறுபடும். பத்தாவது கம்பியிலே தோள் நோகும். இருபதாவது கம்பியிலே கை சோர்ந்து வாள் கோணும். ஒரு வீட்டுக்கு இரும்புப் படலை செய்வதற்கே இருபது, முப்பது துண்டுகள் அறுக்க வேண்டியிருக்கும். அவை ஒரே நீளமாகவும் நேர்மூலையாகவும் அமையாவிட்டால், பின்னர் எவ்வளவு திறமையாக ஒட்டினாலும் படலை கோணலாகவே தொங்கும். கொட்டிலொன்றிலே தனியாளாக வேலை செய்யும் தொழிலாளிக்கு இது கைவலி மட்டுமன்று. கூலியையும் நற்பெயரையும் பற்றிய காரியமுமாகும்.

தொழிற்சாலையில் செய்த இயந்திர வாள் இக்குறையைத் தீர்க்கும். ஆயினும் அதன் விலை இத்தகையோரின் கைக்கு எளிதில் எட்டுவதன்று. பழைய மோட்டர் ஒன்றும், கழித்துவிட்ட துவிச்சக்கர வண்டியின் உறுப்புகள் சிலவும், கோண இரும்புத் துண்டுகளும் கொண்டு அத்தகைய வாளொன்றை வீட்டிலேயே அமைத்துக்கொள்ளலாம். அதற்கு முன்னர், இரும்பு எவ்வாறு அறுபடுகின்றது என்பதைத் தெளிந்துகொள்ளுதல் வேண்டும்.

மரம் அறுக்கும் வட்டவாளிலே இரும்பையும் அறுத்துவிடலாகாதா எனச் சிலர் வினவுவதுண்டு. 10 அங்குல விட்டமுள்ள வட்டவாள் நிமிடத்துக்கு 3000 முறை சுழலுமாயின், அதன் விளிம்பு அந்த ஒரு நிமிடத்தில் ஏறக்குறைய 7,850 அடி தூரம் ஓடுகின்றது. சாதாரண மென்னுருக்கை அறுக்கும் பட்டிவாளின் அலகோ நிமிடத்துக்கு 100 முதல் 200 அடி வரையிலேயே ஓடும். இரும்பிலே பல் பதிந்து சுருளை உரிக்கும்போது பெரும் வெப்பம் பிறக்கின்றது. வேகம் மிகுந்தால் அவ்வெப்பம் பல்லின் முனையிலே தங்கி அதன் கடினத்தைப் போக்கிவிடும். அதன்பின் பல் அறுப்பதில்லை, உராய்வதே செய்யும். ஆகவே இரும்பறுக்கும் வாளின் முதல் விதி, மெதுவாக ஓடவேண்டும் என்பதாகும். வீட்டிலே செய்யப்படும் வாள்கள் பல பயன்படாமற் போவதற்கு இவ்விதியை மறந்தமையே காரணம்.

கல்வட்டுப் பூட்டிய கிரைண்டர் விரைவாக அறுக்கும் என்பது உண்மையே. ஆனால் அது தீப்பொறியைச் சிதறும். அயலாரின் உறக்கத்தைக் கெடுக்கும். வட்டு உடைந்தால் ஆளையும் காயப்படுத்தும். வீட்டோடு சேர்ந்த கொட்டிலுக்கு, முன்னும் பின்னும் அசையும் வில்வாளே அமைதியானது.

அங்ஙனமாயின் வேகம் எவ்வளவு இருத்தல் வேண்டும்? பழகிய கை நிமிடத்துக்கு 40 முதல் 60 முறை வாளைத் தள்ளும். இயந்திர வில்வாளுக்கு 80 முறை போதுமானது. மோட்டரோ இதனிலும் மிக விரைவாகச் சுழல்வது. அதன் மேல் ஒட்டியுள்ள தகட்டை முதலில் வாசித்தல் வேண்டும். அதில் 1440 அல்லது அதற்கு அண்மிய எண் காணப்பட்டால் நன்று. நீர் இறைக்கும் மோட்டர்கள் பல ஏறத்தாழ 2800 முறை சுழல்பவை. அவற்றை எடுத்தால் வேகக் குறைப்பையும் இருமடங்காக்க வேண்டும். வலுவைப் பொறுத்தவரை கால் அல்லது மூன்றிலொரு குதிரைவலு போதும்.

1440 என்பதை 80 ஆக்குவதற்குப் பதினெட்டு மடங்கு குறைத்தல் வேண்டும். இதை ஒரே படியிற் செய்வது கடினம். இரு படிகளிற் செய்வது எளிது. மோட்டரின் தண்டிலே 2 அங்குலக் கப்பியும், இடைத்தண்டிலே 12 அங்குலக் கப்பியும் பூட்டி, வி வடிவப் பட்டியால் இணைத்தால், இடைத்தண்டு நிமிடத்துக்கு 240 முறை சுழலும். பெரிய கப்பியை ஒட்டுப்பலகையில் வட்டமாக வெட்டி, விளிம்பிலே பள்ளமிட்டுச் செய்துகொள்ளலாம். பின்னர் இடைத்தண்டிலே 16 பற்கள் உள்ள சிறு பற்சில்லையும், அதனோடு சங்கிலியால் இணைத்து 48 பற்கள் உள்ள பெரிய பற்சில்லையும் பூட்டினால், வேகம் மேலும் மூன்று மடங்கு குறைந்து 80 ஆகும்.

இந்த இரண்டாம் படியிலேதான் துவிச்சக்கர வண்டி கைகொடுக்கின்றது. 1990ஆம் ஆண்டின் பின் வட பகுதியிலே மின்சாரம் இல்லாதிருந்த காலத்தில், துவிச்சக்கர வண்டியின் தைனமோவைச் சுழற்றி வானொலி கேட்டவர்கள் பலர். அவ்வண்டி வெறும் ஊர்தியன்று, உறுப்புகளின் களஞ்சியம் என்பதை அவர்களுக்கு எடுத்துச் சொல்ல வேண்டியதில்லை. பெடல்கள் பூட்டப்படும் அடிப்பகுதியைச் சட்டத்திலிருந்து அறுத்தெடுத்தால், அச்சும் குண்டுத்தாங்கிகளும் பெரிய பற்சில்லும் கிராங்கும் ஒருங்கே கிடைக்கின்றன. அதனைக் கோண இரும்பாலான அடிச்சட்டத்தில் உறுதியாக ஒட்டிவிடலாம். சிறு பற்சில்லு மட்டும் தண்டோடு இறுகப் பொருந்தியதாக இருத்தல் வேண்டும். ஒரு பக்கம் வழுக்கிச் சுழலும் ஃப்ரீவீல் இதற்கு உதவாது.

கிராங்கின் முனையிலே பெடல் பூட்டும் துவாரத்தில் வாளை இணைத்துவிடலாம் என நினைப்பது தவறு. அத்துவாரம் அச்சிலிருந்து ஆறரை அங்குலத்துக்கு மேல் விலகியிருப்பதால், வாள் பதின்மூன்று அங்குலத்துக்கு மேல் ஓடும். 12 அங்குல அலகு அதற்கு ஈடுகொடாது. அச்சின் நடுவிலிருந்து இரண்டரை அங்குலத்திற் புதுத் துவாரமிட்டால் ஓட்டம் 5 அங்குலமாகும். அதுவே தக்க அளவு. மிஞ்சிய கிராங்கை அறுத்து நீக்கிவிடலாம்.

அடுத்தது வில். தடித்த சதுர இரும்புச் சட்டமொன்றை, கிராங்கின் அச்சுக்கு இயன்றவரை அருகிலே பிணைச்சலிட்டு, மேலும் கீழும் அசையுமாறு பொருத்துதல் வேண்டும். அதன்மேல் வழுக்கி ஓடத்தக்க பொக்ஸ் பார் துண்டொன்றிலே வாளின் சட்டத்தை ஒட்டி, தட்டையான இரும்புக் கோலொன்றால் கிராங்கோடு இணைத்தல் வேண்டும். வழுக்கும் உறுப்பு தளர்ந்தாடினால் அறுப்பும் கோணும். இடைவெளியை மெல்லிய பித்தளைத் தகட்டால் நிரப்பிக் கிறீஸ் இட்டால் ஓட்டம் சீராகும். கைவாளிலே பற்களின் முனை முன்னோக்கியிருக்கும். இங்கே அவை கிராங்கை நோக்கியிருக்குமாறு அலகைப் பூட்டுதல் நன்று. அப்போது வாள் இழுபடும்போதே அறுக்கும். இணைப்புக்கோலும் வளைய முயலாது. அறுக்கும் விசை முழுவதும் கிராங்கின் பக்கமே செல்வதால், வைஸின் அசையாத தாடையை அப்பக்கத்தில் வைத்தல் வேண்டும்.

தாடை அலகுக்கு நேர்மூலையாக உள்ளதா என்பதை மூலைமட்டம் காட்டும். அதனிலும் நுட்பமான சோதனை ஒன்றுண்டு. தட்டையான இரும்பொன்றை நிமிர்த்திப் பிடித்து அறுத்து, இரு துண்டுகளையும் சமதளத்தில் வைத்து, ஒன்றைத் தலைகீழாகப் புரட்டி, அறுத்த முகங்களைச் சேர்த்துப் பார்த்தல் வேண்டும். கோணல் இருக்குமாயின் அது இருமடங்காகத் தெரியும்.

இனி, எதிலே சிக்கனம் செய்யலாம், எதிலே செய்யலாகாது என்பதைக் கருதுதல் வேண்டும். சட்டமும் கப்பியும் பழையனவாக இருக்கலாம், அலகு அவ்வாறன்று. சாதாரண கரியுருக்கு அலகு சில நூறு பாகை வெப்பத்திலேயே கடினத்தை இழக்கத் தொடங்கும். டெய்லர், வைட் என்னும் அமெரிக்கர் இருவர் உருவாக்கி, 1900ஆம் ஆண்டிலே பாரிஸ் கண்காட்சியிற் காட்டிய அதிவேக உருக்கோ, மங்கிய செந்நிறம் ஏறும் வெப்பத்திலும் கடினம் குன்றாது. அவ்வகை அலகுக்குச் சற்று அதிகமாகக் கொடுத்தாலும் அது நட்டமாகாது.

பற்களின் நெருக்கத்தையும் கவனித்தல் வேண்டும். எந்நேரமும் மூன்று பற்களாவது இரும்பிலே படிந்திருத்தல் விதி. கால் அங்குலமும் அதற்கு மேலும் தடிப்புள்ள இரும்புக்கு அங்குலத்துக்கு 14 பற்கள் உள்ள அலகு பொருந்தும். அரைக்கால் அங்குலச் சுவருள்ள குழாய்க்கு 24 பற்கள் வேண்டும். இதனை மீறினால் குழாயின் மெல்லிய சுவர் இரு பற்களுக்கிடையே சிக்கிப் பற்களை வரிசையாக உடைத்துவிடும்.

வாளின் பாரமும் அளவாக இருத்தல் வேண்டும். தொழிற்சாலை இயந்திரங்கள் பல, திரும்பும் ஓட்டத்தில் அலகைச் சற்று உயர்த்திவிடும். வீட்டு வாளிலே அவ்வசதி இல்லாமையால் பல் பின்னோக்கியும் உராயும். ஆகவே பாரத்தைச் சிறிது சிறிதாகவே கூட்டுதல் வேண்டும். சிறு சுருள்கள் விழுந்தால் பாரம் சரி. தூளே விழுந்தால் பாரம் குறைவு, அல்லது பல் மழுங்கிவிட்டது. நீலம் பாய்ந்தால் வேகமோ பாரமோ மிகுதி. உருக்குக்கு எண்ணெய் கலந்த நீரைத் துளித்துளியாக விடலாம். வார்ப்பிரும்பை உலர்ந்தவாறே அறுத்தல் வேண்டும். அலகு இடையிலே முறிந்தால், புதிய அலகைப் பழைய பிளவில் இறக்கலாகாது. தேய்ந்த அலகின் பிளவு ஒடுக்கமாதலால் புதியது சிக்கி முறியும். இரும்பைத் திருப்பிப் பிடித்து மறுபக்கத்திலிருந்து தொடங்குவதே முறை.

சிக்கனத்துக்கு இடமே இல்லாதது பாதுகாப்பு. பட்டியையும் சங்கிலியையும் கிராங்கையும் தகட்டால் மூடுதல் வேண்டும். சாரத்தின் தலைப்போ குழந்தையின் விரலோ அங்கே அகப்பட்டால், கால் குதிரைவலு மோட்டரும் இரக்கம் காட்டாது. 230 வோல்ற்று மின்சாரம் ஓடும் இயந்திரத்தின் இரும்புச் சட்டம் நிலத்தோடு இணைக்கப்பட்டிருத்தல் வேண்டும். வீட்டிலே ட்ரிப் சுவிட்ச் இருத்தல் வேண்டும். இணைப்பு வேலையைத் தேர்ந்த மின்வினைஞரே செய்தல் வேண்டும். மோட்டரின் கண்டென்சர், மின்னிணைப்பைக் கழற்றிய பின்னரும் மின்னேற்றத்தை வைத்திருக்கக்கூடும். அறுப்பு முடிந்து வில் கீழிறங்கும்போது தானாகவே மோட்டரை நிறுத்தும் சுவிட்ச் ஒன்றையும் பொருத்திவிட்டால் வேலை நிறைவு பெறும்.

இவ்வாள் கைவாளினும் மிக விரைவாக அறுக்கும் என எதிர்பார்த்தல் கூடாது. தடித்த கம்பியொன்றை அறுக்க அதற்கும் சில நிமிடங்கள் செல்லும். ஆனால் அந்நிமிடங்களிலே தொழிலாளி அடுத்த கம்பியை அளந்து குறிக்கலாம். அறுத்த துண்டின் பிசிறை அரத்தால் நீக்கலாம். கண்பார்வைக்குள் நின்றவாறு அவர் வேறு வேலை பார்க்க, இருபதாவது துண்டும் முதலாவது துண்டைப் போலவே நேராக விழும். மாலையிலே தோள் நோகாமல் வீடு செல்பவர் மறுநாளும் வேலைக்கு வருவார். அவர் செய்த படலையும் கோணாமல் நிற்கும்.