கர்ப்பப்பையை எடுத்தாச்சு... கூடவே எதை?

"கர்ப்பப்பையை எடுத்தாச்சு. இனிமே மாசாமாசம் தொல்லை இல்லை" என்று நிம்மதியாகச் சொல்லும் பெண்களிடம், "சினைப்பையையும் எடுத்துட்டாங்களா?" என்று கேட்டுப் பாருங்கள். பலர் முழிப்பார்கள். "தெரியலீங்க, எல்லாத்தையும் எடுத்தாச்சுன்னு டாக்டர் சொன்னாரு" என்பார்கள்.

அந்த 'எல்லாம்' எது என்பதில்தான் விஷயமே இருக்கிறது!

கர்ப்பப்பை வேறு, அதன் இருபுறமும் உள்ள சினைப்பைகள் வேறு. ஈஸ்ட்ரோஜன் ஹார்மோனைச் சுரப்பது சினைப்பைகள். கர்ப்பப்பையை மட்டும் எடுத்தால் மாதவிலக்கு நிற்கும், ஹார்மோன் நிற்காது. (மெனோபாஸ் சில வருடம் முந்திக்கொண்டு வரலாம், அவ்வளவுதான்.) இரண்டு சினைப்பைகளையும் சேர்த்து எடுத்துவிட்டாலோ, முப்பத்தெட்டு வயசுக்காரிக்கும் அன்றிலிருந்தே மெனோபாஸ்தான். குப்பென்று உடம்பு சூடாகி வியர்ப்பது, தூக்கம் கெடுவது, பிறப்புறுப்பு வறட்சி எல்லாம் சீக்கிரமே தெரிந்துவிடும். எலும்பு வலுவிழப்பது வெளியே தெரியாது. இருபது வருஷம் கழித்து வழுக்கி விழுந்து இடுப்பெலும்பு முறியும்போது, இந்த ஆபரேஷனை யாருக்கு ஞாபகம் இருக்கும்?

புற்றுநோய் இல்லாமல் கர்ப்பப்பையை எடுத்துக்கொண்ட 29,000-க்கும் மேற்பட்ட அமெரிக்க நர்ஸுகளை 24 வருடம் கவனித்த ஆய்வு 2009-ல் வெளியானது. சினைப்பைகளையும் இழந்தவர்களுக்கு மார்பகப் புற்றும் சினைப்பைப் புற்றும் குறைவுதான். ஆனால் இதயநோயும், மொத்த மரணங்களும் அதிகம்!

சிலருக்குக் கர்ப்பப்பை வாயை விட்டுவைப்பார்கள். அவர்களுக்கு லேசான மாதக்கசிவு தொடரலாம். கர்ப்பப்பை வாய்ப் புற்றுக்கான பரிசோதனையையும் விடக்கூடாது. புற்றுக்காகச் சுற்றியுள்ள திசுக்களோடு எடுக்கும் பெரிய ஆபரேஷனில், சிறுநீர் கழிப்பதில் சிரமம், கால் வீக்கம் வரக்கூடும். அங்கே உயிர் பிழைப்பதுதான் முக்கியம்.

ஆனால் சாதாரண நார்க்கட்டிக்கும் அதிக உதிரப்போக்குக்கும் ஆபரேஷன் என்றால், கையெழுத்துப் போடும் முன் கேளுங்கள்: "சினைப்பையை எடுக்கணுமா டாக்டர்? ஏன்?" குடும்பத்தில் மார்பக, சினைப்பைப் புற்று இருந்தால் எடுப்பதற்கு நியாயம் உண்டு. "வயித்தைத் திறக்கிறோம், அதையும் எடுத்துடலாம்" என்பது நியாயமில்லை.

ஏற்கெனவே, நாற்பத்தைந்து வயதுக்குள் சினைப்பைகளை எடுத்தாகிவிட்டதா? மெனோபாஸ் இயல்பாக வரும் வயதுவரை ஹார்மோன் சிகிச்சை எடுக்கலாமா என்று டாக்டரிடம் கேளுங்கள். மார்பகப் புற்று வந்தவர்களுக்கு அது பொதுவாக ஆகாது. எலும்பு அடர்த்தியையும் பார்த்துக்கொள்ளுங்கள்.

எதை எடுத்தார்கள் என்பதே தெரியாதவர்கள் பீரோவைக் குடைந்து டிஸ்சார்ஜ் சீட்டைத் தேடுங்கள். அது தொலைந்திருந்தால், ஒரு ஸ்கேனும் ரத்தப் பரிசோதனையும் பெரும்பாலும் சொல்லிவிடும்.