மிச்சப் பார்வை போதும்!

பாட்டிக்கு வயது 70. எதிரே பேரன் வந்து நிற்கிறான். "யாரப்பா நீ?" என்று கேட்கிறாள். அதே நேரத்தில் பக்கத்தில் இருந்த பால் சட்டியை நோக்கிப் பூனை வருகிறது. "சூ!" என்று விரட்டுகிறாள்!

"பூனை தெரிகிறதாம். பேரன் தெரியவில்லையாம். எல்லாம் வேஷம்!" என்று முணுமுணுக்கிறாள் மருமகள்.

அடுத்த வீட்டில் ஒரு வாலிபன். வயது 25. பகலில் பத்திரிகையின் பொடி எழுத்தைக் கூடப் படித்து விடுவான். பொழுது சாய்ந்தால் போதும், நடையில் வைத்த குடத்தில் இடித்துக் கொண்டு விழுவான். "பேப்பர் படிக்கிறவனுக்குக் குடம் தெரியாதா? கவனம் கிடையாது!" என்று தகப்பனார் திட்டுகிறார்.

மருமகள் நினைத்தது தவறு. தகப்பனார் சொன்னதும் தவறு. பாட்டி நடிக்கவில்லை. வாலிபன் அசட்டையாக இல்லை. இருவருக்கும் கண்ணில் நோய்!

இப்படிப்பட்ட பாட்டியும் வாலிபனும் எத்தனையோ வீடுகளில் இருக்கிறார்கள். உங்கள் வீட்டிலும் இருக்கலாம்.

கண்ணுக்குள் ஒரு திரை

சினிமாக் கொட்டகையில் திரை இருக்கிறது அல்லவா? அது போல நம் கண்ணின் பின்பக்கத்திலும் ஒரு திரை இருக்கிறது. அதுதான் விழித்திரை. அதன் நடுவில் சுமார் 5 மில்லி மீட்டர் அகலமுள்ள ஒரு சிறு இடம் உண்டு. அதை 'மேக்குலா' என்கிறார்கள்.

முகத்தை அடையாளம் காண்பது, எழுத்தைப் படிப்பது, ஊசியில் நூல் கோப்பது எல்லாம் இந்த நடு இடத்தின் வேலை. பக்கத்தில் வருவதைக் காண்பதும், மங்கிய வெளிச்சத்தில் பார்ப்பதும் சுற்றிலும் உள்ள பகுதியின் வேலை.

வயதான பிறகு சிலருக்கு நடு இடம் தேய்ந்து போகிறது. இதுதான் பாட்டியின் நோய். ஓரம் தெரியும். நடு தெரியாது. நேரே நிற்கும் பேரன் மறைந்து விடுகிறான். பக்கத்தில் வரும் பூனை தெரிகிறது!

வாலிபனுக்கு வந்திருப்பது இதற்கு நேர்மாறு. 'ரெட்டினைட்டிஸ் பிக்மென்டோசா' என்று பெயர். இது பரம்பரை நோய். சுமார் 4 ஆயிரம் பேரில் ஒருவருக்கு வருகிறது. முதலில் இரவுப் பார்வை குறையும். பிறகு ஓரப் பார்வை சுருங்கும். நாளடைவில், மூங்கில் குழாய் வழியாகப் பார்ப்பது போல நடு மட்டும் மிஞ்சும்.

வைட்டமின் 'ஏ' குறைவினாலும் மாலைக்கண் வரும். அது கீரையாலும் மருந்தாலும் குணமாகும். இது வேறு. எந்த மாலைக்கண் என்பதை டாக்டர்தான் சொல்ல முடியும்.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். மாமன் மகள், அக்காள் மகள் என்று நெருங்கிய சொந்தத்தில் கல்யாணம் செய்தால், இந்த நோயின் சில வகைகள் பிள்ளைகளுக்கு வரும் வாய்ப்பு கூடுகிறது. குடும்பத்தில் ஏற்கனவே ஒருவருக்கு இருந்தால், சம்பந்தம் பேசும் முன் டாக்டரைக் கலந்து கொள்வது நல்லது.

மருந்து உண்டா?

கண்புரை என்றால் ஆபரேஷன் செய்து பார்வையைத் திரும்பப் பெறலாம். விழித்திரை தேய்ந்தால் அப்படி முடியாது.

பாட்டிக்கு வந்த நோயில் ஒரு வகைக்குக் கண்ணில் ஊசி போட்டு, மேலும் கெடாமல் தடுக்கிறார்கள். நேரான கதவுச் சட்டம் வளைந்து தெரிகிறதா? உடனே ஆஸ்பத்திரிக்கு ஓடுங்கள். தாமதித்தால் நஷ்டம்.

வாலிபனின் நோய்க்கு 2017-ல் அமெரிக்காவில் ஒரு மரபணு வைத்தியம் அனுமதிக்கப்பட்டது. ஆனால் அது ஒரே ஒரு மரபணுவின் கோளாறுக்கு மட்டுமே. மற்ற பெரும்பாலோருக்கு அது பயன்படாது.

ஆகவே பலர் காதில் விழும் சொல் இதுதான்: "இதற்குமேல் வைத்தியம் இல்லை."

அதைக் கேட்டதும் வீடே இடிந்து போகிறது. "அடுப்படிக்குப் போகாதே அம்மா" என்று பாட்டியைக் கட்டிலில் உட்கார வைக்கிறார்கள். "வேலையை விட்டு விடு" என்று பையனிடம் சொல்கிறார்கள். எல்லாம் அன்பினால்தான். ஆனால் அந்த அன்பே அவர்களை மூலையில் முடக்கி விடுகிறது!

வைத்தியம் முடிந்திருக்கலாம். பயிற்சி முடியவில்லை. மிச்சம் இருக்கும் பார்வையை வேலை வாங்கக் கற்றுக் கொடுக்கும் பயிற்சி இருக்கிறது. அதற்குப் 'பார்வை மறுவாழ்வு' என்று பெயர்.

ஓரத்தால் பார்க்கலாம்!

பாட்டிக்கு நடுப் பார்வைதான் இல்லை. ஓரம் இருக்கிறதே! பார்வையைச் சற்று மேலேயோ பக்கத்திலோ திருப்பினால், நன்றாக உள்ள பகுதியில் உருவம் விழும். எந்தப் பக்கம் திருப்பினால் தெளிவு என்று கண்டுபிடித்துப் பழக்குகிறார்கள்.

படிப்பதற்குப் பூதக்கண்ணாடி உண்டு. அதன் சக்தி கூடக் கூட, ஒரே பார்வையில் தெரியும் எழுத்துகள் குறையும். ஆகையால் கடையில் கண்டதை வாங்கக் கூடாது. கண்ணைச் சோதித்து, ஏற்றதை வாங்க வேண்டும். புத்தகத்தைக் கண்ணருகே கொண்டு வந்து படித்தால் கண் கெட்டு விடுமோ என்ற பயம் வேண்டாம். கெடாது.

வீட்டிலேயே செய்யக் கூடியவை பல. செலவும் அதிகம் இல்லை.

வெள்ளைத் தட்டில் வெள்ளைச் சோறு போட்டால் பாட்டிக்குத் தெரியாது. வாழை இலையில் போட்டுப் பாருங்கள். பளிச்சென்று தெரியும்!

படிக்கட்டின் விளிம்பில் மஞ்சள் பெயின்ட் அடியுங்கள். படிக்கும்போது விளக்கு கண்ணுக்கு எதிரே வேண்டாம். தோளுக்குப் பின்னால் பக்கவாட்டில் இருக்கட்டும். உப்பு டப்பாவுக்கு ஒரு ரப்பர் வளையம் மாட்டுங்கள். எடுத்த பொருளை எடுத்த இடத்தில் வையுங்கள். நடையில் குடத்தை வைக்காதீர்கள்!

பணத்தையும் தடவி அறியலாம். இப்போதைய நோட்டுகளின் முன்பக்க ஓரங்களில் புடைத்த கோடுகள் இருக்கின்றன. 100 ரூபாய்க்கு 4 கோடுகள். 500 ரூபாய்க்கு 5 கோடுகள். 200 ரூபாய்க்கு 4 கோடுகளுடன் நடுவில் 2 வட்டங்கள். நோட்டைக் காட்டினால் மதிப்பைச் சொல்லும் 'மணி' என்ற கைப்பேசிச் செயலியை ரிசர்வ் வங்கி 2020-ல் வெளியிட்டது.

வெள்ளைக் கைத்தடி

இங்கிலாந்தில் பிரிஸ்டல் என்ற ஊரில் ஜேம்ஸ் பிக்ஸ் என்பவர் விபத்தில் பார்வை இழந்தார். வண்டிக்காரர்கள் கண்ணில் படட்டும் என்று 1921-ல் தம் கைத்தடிக்கு வெள்ளை அடித்தார். 1944-ல் ரிச்சர்டு ஹூவர் என்ற அமெரிக்கர், போரில் கண் இழந்த வீரர்களுக்கு நீண்ட தடியால் தரையைத் தட்டி நடக்கும் முறையைக் கற்றுக் கொடுத்தார். உலகம் முழுவதும் இன்று அந்த முறை பரவியிருக்கிறது.

அந்த வாலிபனுக்கு இரவில் இந்தத் தடி உதவும். ஆனால் வீட்டில் கேட்கிறார்கள்: "தடியோடு போனால் ஊர் என்ன சொல்லும்? தங்கைக்குக் கல்யாணம் ஆக வேண்டாமா?"

தடி பிடித்தால் வெட்கமா? சாக்கடையில் விழுந்து கால் முறிந்தால் ஊர் வந்து தாங்குமா? முழுக் குருடர்களுக்கு மட்டுமே தடி என்பது தவறு. பகலில் பேப்பர் படிப்பவனும் இரவில் தடி பிடிக்கலாம்.

பேயா? பைத்தியமா?

பார்வை குறைந்த சிலருக்கு இல்லாத உருவங்கள் தெரியும். அறையில் யாரோ நிற்பது போலவும், பூக்கள் பூத்திருப்பது போலவும் தோன்றும். வீட்டார் பயந்து மந்திரவாதியைத் தேடுவார்கள்!

பேயும் இல்லை. பைத்தியமும் இல்லை. சுவிட்சர்லாந்து அறிஞர் சார்லஸ் போனே, 1760-ல் தம் தாத்தாவுக்கு இப்படித் தெரிந்ததை எழுதி வைத்தார். கண்ணிலிருந்து வரும் சேதி குறைந்ததும், மூளை தானாகப் படம் போடுகிறது. அவ்வளவுதான்! பாட்டி பயந்து சொல்லாமல் இருப்பாள். நீங்கள் கேளுங்கள். டாக்டரிடமும் சொல்லுங்கள்.

எங்கே போவது?

மதுரையில் 1976-ல் 11 படுக்கைகளுடன் தொடங்கிய அரவிந்த் கண் ஆஸ்பத்திரியிலும், சென்னையில் 1978-ல் தொடங்கிய சங்கர நேத்ராலயாவிலும் குறை பார்வையினருக்குத் தனிப் பிரிவுகள் உள்ளன. வேறு ஆஸ்பத்திரிக்குப் போகிறவர்கள், "மிச்சப் பார்வைக்குப் பயிற்சி எங்கே கிடைக்கும்?" என்று டாக்டரிடமே கேளுங்கள்.

2016-ம் ஆண்டுச் சட்டம், குறை பார்வையையும் ஊனங்களில் ஒன்றாக ஏற்றுக் கொண்டிருக்கிறது. 40 சதவிகிதத்துக்குக் குறையாத ஊனம் என்று சர்டிபிகேட் பெற்றால், சலுகைகள் கேட்கலாம். வேலையை ராஜினாமா செய்யும் முன் இதை விசாரியுங்கள்!

கடைசியாக ஒரு சின்னக் காரியம். பாட்டியின் எதிரில் போய்ப் பேசாமல் நிற்காதீர்கள். "பாட்டி, நான்தான், உன் மூத்த பேரன்" என்று சொல்லுங்கள்.

பாட்டி கண்ணைச் சற்றே திருப்புவாள். ஓரத்தால் உங்களைப் பார்ப்பாள்.

"நீயா கண்ணு! ஏன் இப்படி இளைத்துப் போய் விட்டாய்?" என்று கேட்பாள்!