உங்களுக்குத் தெரியுமா? சேர்வராயன் மலையும் விஞ்ஞானி வேலையும்

ரயிலுக்கும் நீராவிக் கப்பலுக்கும் நிலக்கரி வேண்டியிருந்தது. அதைத் தேடத்தான் 1851-இல் இந்திய நிலவியல் ஆய்வுத் துறை பிறந்தது. 1858-இல் அதில் வேலைக்குச் சேர்ந்த ராபர்ட் புரூஸ் ஃபூட், சேலம் பகுதிப் பாறைகளை ஆராய்ந்தவர். பின்னாளில் சேர்வராயன் மலையிலுள்ள ஏற்காட்டிலேயே குடியேறினார். 1863-இல் பல்லாவரத்தில் பழைய கற்காலக் கோடரியைக் கண்டெடுத்தவரும் இவரே. ரயில் வந்திராவிட்டால் அந்தக் கண்டுபிடிப்பு எத்தனை காலம் தள்ளிப்போயிருக்குமோ!

*

சேர்வராயன் மலை உச்சிகளில் கிடக்கும் செந்நிறப் பாக்சைட்டுக்கு ஒரு காலத்தில் மதிப்பே இல்லை. 1886-இல் அமெரிக்காவில் ஹால் என்பவரும் பிரான்சில் எரூ என்பவரும், ஒருவரையொருவர் அறியாமலே, மின்சாரத்தால் அலுமினியம் பிரிக்கும் வழியைக் கண்டார்கள். அதற்குப் பிறகுதான் அந்த மண் தாது ஆனது. 1965-இல் இத்தாலியக் கூட்டுறவோடு மேட்டூரில் மால்கோ அலுமினிய ஆலை உற்பத்தியைத் தொடங்கியது. பாக்சைட் இந்த மலையிலிருந்தும் கொல்லிமலையிலிருந்தும் போனது. ஒரு டன் அலுமினியத்துக்குச் சுமார் 4 டன் பாக்சைட்டும் 15,000 யூனிட் அளவு மின்சாரமும் வேண்டும். ஆகவே மண்ணைத் தெரிந்தவர் மட்டும் போதாது. வேதியியலாளர், மின் பொறியாளர், உலோகவியலாளர் எல்லாரும் தேவைப்பட்டார்கள். ஒரு புதிய தொழில்நுட்பம் இத்தனை படிப்புகளுக்கு ஒரே இடத்தில் வேலை கொடுத்தது பெரிய விஷயம்.

*

மால்கோவுக்கு அடுத்த ஆண்டு, 1966-இல், சேலம் அரசு பொறியியல் கல்லூரி தொடங்கியது. உலோகவியல் இன்றும் அங்கே ஒரு பாடப்பிரிவு.

*

மலையடிவாரத்தில் கிடைக்கும் மேக்னசைட் என்ற கனிமம், உருக்கு உலைகளின் உட்சுவர்ச் செங்கலுக்குப் போகிறது. உலகில் உருக்குக்குக் கிராக்கி கூடினால் சேலத்துச் சுரங்கத்திலும் ஆள் தேவை கூடும்.

*

கிராக்கி இறங்கவும் செய்யும். 2008-இல் மேட்டூரில் அலுமினிய உற்பத்தி நின்றுபோனது. பொறியாளரை உருவாக்க நாலு வருஷம் ஆகிறது. சந்தை மாற நாலு மாதம் போதும். இன்றைய சம்பளத்தை மட்டும் பார்த்துப் பிள்ளைக்குப் படிப்பைத் தேர்ந்தெடுப்பது ஆபத்து என்பது என் உறுதியான எண்ணம்.

*

ஏற்காட்டில் இந்தியத் தாவரவியல் ஆய்வுத் துறையின் ஆர்க்கிட் தோட்டம் இருக்கிறது. வேளாண் பல்கலைக்கழகத்தின் தோட்டக்கலை ஆராய்ச்சி நிலையமும் இருக்கிறது. பாக்சைட் விலை ஏறினாலும் இறங்கினாலும் இந்த மலைக்குத் தாவரவியலாளர் வேண்டும். தோண்டிய இடத்தில் மறுபடி காடு வளர்க்கத் தெரிந்தவர் அவர்தானே? அடுத்த முறை ஏற்காடு போனால் ஏரிப் படகோடு திரும்பிவிடாதீர்கள். பிள்ளைகளை அந்த ஆர்க்கிட் தோட்டத்துக்கும் கூட்டிப்போங்கள். இதுவும் ஒரு வேலை என்று அவர்களுக்குக் காட்டுங்கள்.